ஏழாம் குழி குடிவந்த வீடு

கடற்கரை கோல்ஃப் மைதானத்தின் ஏழாம் குழி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் புல்வெட்டும் அக்காவின் சமையலறைக்குக் குடிவந்தது. அடுப்புக்குப் பக்கத்தில், சிமெண்டுத் தரையில், விளிம்பு சிதையாமல், கொடிக்கம்போடு நின்றது. அக்கா கையிலிருந்த பால் பாத்திரத்தை நழுவவிட்டாள். அவ்வளவு பாலும் குழிக்குள் போயிற்று.

"என்னங்க, இங்க வாங்களேன்! நம்ம ஏழாம் குழி வந்து நிக்குது!"

கணவர் வந்து பார்த்தார். கொடிக்கம்பைத் தொட்டு அசைத்துப் பார்த்தார்.

அந்த மைதானத்துக்கு வயது நூறுக்கு மேல். காற்றுக்காகக் காத்துக்கிடந்த கப்பல்காரர்கள் பொழுது போகாமல் உண்டாக்கியது. பந்தைச் சிக்கவைக்கும் மணல்பள்ளங்களைக்கூட மனிதர் யாரும் வெட்டவில்லை. கடற்காற்றுக்குப் பயந்து ஆடுகள் ஒண்டிப் படுத்த இடங்கள் அவை. ஏழாம் குழி கடலை ஒட்டிய மேட்டில் இருந்தது. அங்கே பந்தைக் கடலுக்குப் பறிகொடுத்தவர், தொப்பியைக் கழற்றி அலைக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த பந்தை எடுக்க வேண்டும். கப்பல்காரர்கள் போட்ட இன்னொரு விதி: குழி எங்கேயோ ஆட்டம் அங்கே.

மைதானத்தின் செயலாளருக்கு இந்தக் கூத்து பிடிக்கவில்லை. சமையலறைக் குழியை மணல் கொட்டி மூடச் சொன்னார். கொட்டிய மணலெல்லாம் எங்கே போனதோ, குழி நிறையவே இல்லை. மேட்டில் புதுக் குழி வெட்டிப் பார்த்தார். பந்துகள் விளிம்புவரை உருண்டுபோய், ஆகாத சொந்தக்காரர் வீட்டு வாசலைக் கண்டதுபோல ஒதுங்கிப் போயின. கடைசியில், விதி விதிதான், ஆட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் வீட்டை இடித்துவிடுவோம் என்று முடிவு கட்டினார்.

"ஒவ்வொரு செங்கல்லாச் சேர்த்துக் கட்டுன வீடு சார். நானா அதை வரச் சொன்னேன்? அது போகட்டும், நானும் போறேன்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு வாசலில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாள்.

கடப்பாரையோடு ஆட்கள் வந்த காலையில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த மேடு முழுவதும் புதுக் குழியோடு கடலுக்குள் சரிந்தது. குழி எதற்குப் பயந்து ஓடிவந்தது என்று அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. செயலாளர் தொப்பியைக் கழற்றினார். கடப்பாரைகள் திரும்பிப் போயின.

அதற்குப் பிறகு வருஷக்கணக்காக ஆட்டக்காரர்கள் செருப்பை வாசலில் விட்டு, மட்டையோடு சமையலறைக்குள் வந்துபோனார்கள். "இருங்க, அடுப்பை அணைச்சிடறேன்" என்பாள் அக்கா. அவளுக்குப் பிறந்த இரண்டு பிள்ளைகளும் அந்தக் கொடிக்கம்பைப் பிடித்துத்தான் நடை பழகினார்கள். வளர்ந்து வேலைக்கும் போய்விட்டார்கள். குழி வீட்டில் ஒரு ஆள் மாதிரி ஆகிவிட்டது.

பிறகு ஒரு நாள் காலையில், தேநீர் வைக்க வந்த அக்காவின் காலடியில் வெறும் சிமெண்டுத் தரை இருந்தது. குழி இருந்த சுவடே இல்லை. ஜன்னல் வழியே பார்த்தாள். கொல்லைக்கு அப்பால், கடலுக்கு எதிர்த்திசையில், தூரத்துச் சரிவில் கொடி பறந்தது. முன்வாசல் பக்கம் கடல் ஒன்றும் தெரியாததுபோலக் கிடந்தது.

"என்னங்க, பாத்திரமெல்லாம் எடுங்க."

"எங்கடி போறது?"

அவள் கொடியைக் காட்டினாள். கணவர் பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டு வெளியே வந்ததும், தொப்பியைக் கழற்றி அலைக்கு வணக்கம் சொன்னார். கதவை அவர்கள் பூட்டவில்லை.