பதினாறு அங்குலம்

தச்சருக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வயிறு எரிந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அவருடைய மனைவி ஒரு வாய் காபி குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள், அவ்வளவுதான். குடித்தது அவளுடைய அக்கா வீட்டில். போட்டுக் கொடுத்தவர் அக்காவின் வீட்டுக்காரர், அதாவது தச்சரின் சகலை.

சகலை இன்சூரன்ஸ் ஆபீசில் அதிகாரி. வீட்டில் இருக்கும்போதும் மடிப்புக் கலையாத சட்டைதான் போடுவார். அதற்கு முந்தின வாரம் ஒரு எஸ்பிரெசோ மெஷின் வாங்கியிருந்தார். அதன் முன்னால் நின்றுகொண்டு அவர் அடித்த பந்தா இருக்கிறதே, அப்பப்பா! கொட்டையை அரைக்க ஒரு பட்டன், பாலை நுரைக்க ஒரு குழாய் என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். தச்சர் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவர் மனைவி கப்பை வாயில் வைத்தாள்.

"இப்படி ஒரு காபி நான் குடிச்சதே இல்ல மாமா," என்றாள். கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

இதைக் கேட்டால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? ஒன்பது வருடமாகத் தினமும் காலையில் அவளுக்குக் காபி போட்டுக் கொடுப்பவர் தச்சர். அவள் அதை நின்றுகொண்டே குடிப்பாள், இன்னொரு கையால் சாப்பாட்டு டப்பாவை மூடுவாள், கப்பைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வேலைக்குக் கிளம்பிவிடுவாள். நன்றாக இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தை கிடையாது. அவரும் அதை எதிர்பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதைத் தவிர வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை. அந்தக் கண் தன் வீட்டில், தன் கையால் கொடுத்த கப்புக்கு மூட வேண்டும். அது நடந்தால்தான் தூக்கம் என்று ஆகிவிட்டது.

மறுநாளே கடைக்குப் போனார். கையில் டேப் இருந்தது. அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் உள்ள மேடைதான் அவர் வீட்டில் மெஷினுக்கு இருக்கும் ஒரே இடம். அகலம், ஆழம் இரண்டையும் கிளம்பும் முன் மூன்று முறை அளந்திருந்தார். விற்பனைப் பெண் கெட்டிக்காரி. சின்ன சமையலறை என்று கேட்டதுமே ஒல்லியான மெஷின் ஒன்றைக் காட்டி, இதில் தண்ணீர்த் தொட்டியைப் பக்கவாட்டில் உருவிக்கொள்ளலாம், இரண்டு பேருக்கு இதுவே தாராளம் என்றாள். நியாயமான பேச்சு. ஆனால் நம்மவர் காதில் ஏறினால்தானே. அவருடைய கண் சகலை வீட்டு மெஷின் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தது. அதைக் கண்டுபிடித்ததும், இதற்கு அடுத்த பெரிய சைஸ் எது என்று கேட்டார்.

அடுத்த பெரிய சைஸுக்குத் தண்ணீர்த் தொட்டியை மேல்பக்கமாகத் தூக்கித்தான் எடுக்க வேண்டும். அதனால், மேடைக்கு மேலே அலமாரி இருக்கிறதா, எவ்வளவு இடைவெளி என்று அந்தப் பெண் கேட்டாள்.

"ரெண்டு அடி," என்றார் தச்சர், யோசிக்காமலே.

இங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார். சமையலறை அலமாரி செய்வதுதான் அவருக்குத் தொழில். மேடையிலிருந்து மேல் அலமாரிக்கு இரண்டு அடி என்று மாதத்துக்கு ஐம்பது தடவையாவது சொல்லும் வாய் அது. ஊரில் எல்லார் வீட்டுக்கும் இரண்டு அடிதான். தன் வீட்டில் மட்டும் பதினாறு அங்குலம். கல்யாணமான புதிதில் மனைவியை மேடைக்கு முன்னால் நிற்கவைத்து, கையைத் தூக்கச் சொல்லி, விரல் நுனி எட்டிய இடத்தில் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அதற்கேற்ப மாட்டிய அலமாரி அது. அவள் குள்ளம். ஒன்பது வருடமாக அது அங்கேயே இருந்ததால், அது தனி அளவு என்பதே செய்தவருக்கு மறந்துபோயிருந்தது.

மெஷின் வீட்டுக்கு வந்தது. அலமாரிக்கு அடியில் மயிரிழையில் நுழைந்து நின்றது. தொட்டியைத் தூக்கினார், மேலே இடித்தது. மெஷினையே முன்னால் இழுத்துத் தண்ணீர் ஊற்றலாம் என்றால், இழுத்தால் காய் நறுக்க இடமில்லை. கடைக்குத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். ஆனால் மகராசன் வரும் வழியிலேயே சகலைக்கு போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு காபிக்கு வாங்க என்று அழைத்துவிட்டார். இனி பின்வாங்கினால் மானம் என்னாவது? அரை மணி நேரம் நின்று பார்த்தார். பிறகு ட்ரில்லை எடுத்தார். சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வருவதற்குள் அலமாரி எட்டு அங்குலம் மேலே போயிருந்தது. டைல்ஸில் இருந்த நான்கு பழைய ஓட்டைகளையும் வெள்ளைப் பூச்சு வைத்து அடைத்துவிட்டார்.

அவள் வந்தாள். மெஷினைப் பார்த்தாள். அலமாரியை அண்ணாந்து பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் பால்கனியிலிருந்து ஸ்டூலை எடுத்து வந்து அலமாரிக்குக் கீழே போட்டாள். மெஷினைப் பார்த்து வாயடைத்துப்போனாள் என்றே தச்சர் நினைத்துக்கொண்டார். மறுநாள் காலை முதல் கப்பை நீட்டிவிட்டு அவள் கண்ணையே பார்த்தார்.

"நல்லாருக்கு," என்றாள். கண் திறந்தேதான் இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் பொடியை மாற்றிப் பார்த்தார். ம்ஹூம்.

ஞாயிற்றுக்கிழமை சகலையும் அக்காவும் வந்தார்கள். மெஷினைப் பார்த்ததும் சகலையின் முகம் சுண்டிப்போனது. தச்சருக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது, சொல்ல வெட்கமில்லை. இது உங்களுடையதைவிடப் பெரிசு என்பதை அவர் சொல்லவில்லை. ஆனால் அதன் பக்கத்தில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். விருந்தாளிகளுக்கு வைத்திருக்கும் கப்புகள் மேல் அலமாரியில் இருந்தன. மனைவி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள்.

அக்காவும் அதே உயரம்தான். ஸ்டூலைப் பார்த்தாள், தங்கையைப் பார்த்தாள். அக்காவின் முகம் மலர்ந்த மலர்ச்சியைத் தச்சர் கவனித்தார்.

"ஏண்டி, உனக்குமா ஸ்டூலு?" என்றாள்.

மனைவி கப்புகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். அதற்குள் சகலைக்கு உயிர் வந்துவிட்டது. தச்சரின் தோளில் கையைப் போட்டார்.

"நான் மெஷின் எதுக்கு வாங்கினேன்னு நினைக்கிறீங்க சகலை? ஒன்பது வருஷமா உங்க அலமாரியச் சொல்லியே என் உசிர வாங்கினா இவ. தங்கச்சி வீட்டுக்காரர் கை அளவு பாத்து செஞ்சு குடுத்தாராம், நீங்க எனக்கு என்ன செஞ்சீங்கன்னு. அதுக்குத்தான் இத வாங்கி வச்சேன்."

தச்சர் மெஷின் பக்கத்தில் ஊன்றியிருந்த கையை எடுத்துக்கொண்டார். நிஜமாகவே அப்படிச் சொன்னீர்களா என்று மைத்துனியிடம் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அவளே ஆரம்பித்துவிட்டாள். தனக்கும் ஒரு அலமாரி வேண்டும், தன் கைக்கு எட்டுகிற மாதிரி, அடுத்த வாரமே வந்து அளவெடுக்க வேண்டும் என்றாள். அதற்கென்ன, செய்துவிடலாம் என்று தச்சர் தலையாட்டினார். காபியை எல்லாரும் ஆஹா ஓஹோ என்றார்கள். அவர் காதில் ஒன்றும் விழவில்லை.

அவர்கள் படியிறங்கிப் போகும்போது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. மனைவி கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தச்சர் வாசல்படியில் நின்றார், உள்ளே வரவும் தைரியமில்லை, போகவும் மனமில்லை.

"காபி நல்லாத்தான் இருக்கு," என்றாள் அவள், திரும்பாமலே. "ஆனா அக்கா முன்னாடி என்னை ஸ்டூல்ல ஏத்திட்டீங்க. அவ வீட்டுக்குப் போறப்பல்லாம் ஒரு டம்ளர் எடுக்க அவ ஏறி எறங்குறதப் பாத்துக்கிட்டே நிப்பேன். எனக்கு அதுல எவ்ளோ பெருமைன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. ஒன்பது வருடத்தில் ஒரு நாள்கூட அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. நாளைக்கே இறக்கிவிடுகிறேன் என்றார்.

"இப்பவே இறக்குங்க. மெஷின உங்க பட்டறைல வச்சுக்கங்க. காலைல பழைய காபியே போதும்."

அவர் ஸ்டூலில் ஏறி அலமாரியைக் காலி செய்தார். திருகுகளைக் கழற்றினார். டைல்ஸில் அடைத்திருந்த பூச்சை ஆணி முனையால் சுரண்ட, பழைய ஓட்டைகள் நான்கும் பத்திரமாக இருந்தன. அவள் ஈரக் கையோடு வந்து, அலமாரியின் ஒரு பக்கத்தைத் தாங்கிப் பிடித்தாள். இரண்டாவது திருகு உள்ளே இறங்கும்போது மெதுவாகப் பேச்செடுத்தாள்.

"அக்காவுக்கு அளவெடுக்கப் போறீங்களே..."

"ஆமா. சொல்லிட்டேனே."

"ஊருக்கெல்லாம் எவ்ளோ வைப்பீங்க?"

"ரெண்டு அடி."

அவள் அலமாரியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள்.

"அவளுக்கும் ரெண்டு அடியே இருக்கட்டும்," என்றாள்.