ஐந்தாவது ஆட்டத்தில் நஞ்சுண்டன் எங்கே நின்றார்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கிரகப்பிரவேச விருந்தில் கிடைத்தது. டல்லாஸுக்குப் பக்கத்து ஃபிரிஸ்கோவில் ஒரு நண்பரின் புது வீடு. ஆளுக்கொரு பதார்த்தம் செய்துகொண்டு வரும் வகை விருந்து. கையில் காகிதத் தட்டும் தட்டில் புளியோதரையுமாக நான் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், பிச்சுமணி என்பவர் அந்த வருஷம், அதாவது 2001 வசந்தத்தில், டல்லாஸ் கூடைப்பந்து அணி ஐந்து ஆட்டச் சுற்று ஒன்றில் ஜெயித்ததற்கு உண்மையான காரணம் என்ன என்று சொல்லிக்கொண்டிருந்தார். காரணம் நஞ்சுண்டன் என்கிற நண்பர். நஞ்சுண்டன் ஆட்டம் பார்த்தால் அணி தோற்கும். பார்க்காமல், வீட்டை ஒட்டிக் கார் நிறுத்தும் கராஜுக்குப் போனால் ஜெயிக்கும். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு முறைப்படி ஒரு கேள்வி கேட்டேன்.

"அந்த அஞ்சாவது ஆட்டத்துல, கடைசிப் பந்து விழுந்தப்ப, அவர் எங்க இருந்தார்?"

"கராஜ்லதான். வேற எங்க?" என்றார் பிச்சுமணி.

"இல்லையே, உள்ள வந்து நின்னுண்டிருந்தாரே" என்றார் அவர் மனைவி ஷ்யாமளா.

"உனக்கு ஒண்ணும் ஞாபகமில்லை."

"உங்களுக்குத்தான் ஞாபகமில்லை. நீங்க டிவிக்குள்ள பூந்துண்டிருந்தேள்."

சம்பந்தப்பட்ட நஞ்சுண்டன் இரண்டடி தள்ளி ஐஸ் பெட்டியருகில் நின்றிருந்தார். தோளில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவரைப் பார்த்தேன். "அதெல்லாம் எதுக்குங்க இப்போ" என்றார். "உங்களுக்குக் கோக்குங்களா, ஸ்ப்ரைட்டுங்களா?"

மூன்று பேர், மூன்று பதில். வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "டெக்சாஸ் வெயில் காப்பெல் நகரத்துக் கூரைகளின் மேல்" [அடித்துவிட்டேன். வெயிலுக்கு இந்தக் கதையில் வேலை இல்லை. எல்லோரும் ஏ.சி.யில் இருக்கிறார்கள், ஒருவரைத் தவிர.]

இரண்டாம் தொடக்கம்: "தொண்ணூறுகள் முழுக்க டல்லாஸ் அணி தோற்றது." இது சரித்திரம். மாற்ற எனக்கு அதிகாரமில்லை. மற்ற ஊர் அணிகளும் தோற்கும். இது தோற்ற விதம் வேறு. அலுவலகத்தில் அந்த அணியின் பேச்சை எடுத்தால், எதிரில் இருப்பவர் துக்கம் விசாரிக்க வந்தவர்போலத் தலையை ஆட்டுவார். அந்தக் காலத்திலும் ஓர் ஆட்டம் விடாமல் பார்த்தவர் நஞ்சுண்டன்.

[ஏன் பார்த்தார்? கோபிச்செட்டிப்பாளையத்துப் பையன், பொறியியல் கல்லூரியில் கூடைப்பந்து அணியில் இருந்தார். இருந்தார் என்றால், உட்கார்ந்திருந்தார். நாலு வருஷமும் மாற்று ஆட்டக்காரர். தோற்கிற அணியில்கூட இடம் கிடைக்காதவருக்குத் தோற்கிறவர்கள்மேல் ஒரு மரியாதை வந்துவிடும் என்று நினைக்கிறேன். கதைக்கு இவ்வளவு போதும்.]

நண்பர்கள் கூட்டத்தில் முதலில் வீடு வாங்கியவர் நஞ்சுண்டன், காப்பெலில். வீடு வந்ததும் சுவரளவு டிவி வாங்கினார். டிவி வந்ததும் பிச்சுமணி குடும்பம் வந்தது. பிச்சுமணிக்கு டேட்டாபேஸ் நிர்வாகம் தொழில். எதை எதோடு சேர்த்தால் என்ன தெரியும் என்று பார்த்தே பழகிய மூளை. அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள், அணி பின்தங்கியிருந்த நேரத்தில், நஞ்சுண்டன் கோக் எடுக்கக் கராஜுக்குப் போனார். மளமளவென்று பந்து விழுந்தது. கோக்கோடு திரும்பினார். பந்து வளையத்தில் பட்டு வெளியே தெறித்தது. பிச்சுமணி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஊரில் கிரிக்கெட் பார்த்த யாருக்கும் மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. விக்கெட் விழாமல் இருக்கும்போது யாரும் இடம் மாறக் கூடாது. கால்மேல் கால் போட்டவர் எடுக்கக் கூடாது. நம் ஆள் சதத்தை நெருங்கும்போது ஒருவர் பாத்ரூமில் இருந்துவிட்டால், அன்று முழுவதும் அவருக்குப் பாத்ரூம்தான். கடல் தாண்டி வரும்போது ஊறுகாயோடும் பிரஷர் குக்கரோடும் இதையும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறோம். சுங்கத்தில் யாரும் கேட்கவில்லை.

"நஞ்சுண்டன், தப்பா எடுத்துக்காதீங்கோ" என்றார் பிச்சுமணி. "ஒரு அஞ்சு நிமிஷம் கராஜ்ல இருங்கோ. சும்மா டெஸ்ட் பண்ணிப் பார்க்கலாம்."

நஞ்சுண்டன் சிரித்துக்கொண்டே போனார். முதல் தடவை எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் போவார்கள்.

3

பதினோரு வருஷத்துக்குப் பிறகு அணி பிளேஆஃப் என்னும் இறுதிக்கட்ட ஆட்டங்களுக்குத் தகுதி பெற்றது. முதல் சுற்றில் யூட்டா அணியோடு ஐந்து ஆட்டம், மூன்று ஜெயித்தவர் அடுத்த சுற்றுக்குப் போகலாம். டல்லாஸ் ரசிகர்கள் சொல்லிச் சொல்லி மகிழும் தருணங்கள் இந்தச் சுற்றில் இருக்கின்றன. நஞ்சுண்டன் கண்டது பின்வருமாறு.

முதல் ஆட்டம்: சோபாவில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தார். தோல்வி.

இரண்டாம் ஆட்டம்: கராஜுக்கு அனுப்பப்பட்டார். காருக்குள் உட்கார்ந்து ரேடியோவில் வர்ணனை கேட்டார். தோல்வி. விசாரணையில் ரேடியோ விஷயம் வெளியே வந்தது. "கேக்கறதும் பார்க்கறதும் ஒண்ணுதானே, நஞ்சுண்டன்?" என்றார் பிச்சுமணி, நிஜமான வருத்தத்தோடு.

மூன்றாம் ஆட்டம்: கராஜ். ரேடியோ இல்லை. புல்வெட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்தங்கியிருந்த அணி எழுந்து வந்து ஜெயித்தது.

நான்காம் ஆட்டம்: மேற்படி இடம். வாட்டர் ஹீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அணி எதிராளியைத் துவைத்துக் காயப்போட்டது.*

[* ஆட்டக்காரர்களின் பெயர்களை நான் எழுதவில்லை. நஞ்சுண்டன் அவர்களைப் பார்க்கவில்லை.]

நான்காம் ஆட்டம் முடிந்ததும் கராஜ் கதவைத் திறந்துகொண்டு பிச்சுமணியின் மகள் மானஸா வந்தாள். ஐந்து வயது. டெக்சாஸில் பிறந்த குழந்தை.

"அங்க்கிள், வீ வன்! யூ கேன் கம் இன் நௌ."

வாடகைக்காரனுக்குச் சாவி கொடுப்பதுபோல் சொன்னாள். நஞ்சுண்டன் "தேங்க்யூ கண்ணு" என்று சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குள் போனார்.

4

நிற்க. இதுவரை வந்தது பிச்சுமணி சொன்ன கதை. விருந்துக்கு அது போதும். இனி வருவது நஞ்சுண்டனிடமும் அவர் மனைவி வசந்தாமணியிடமும் பிறகு போனில் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கியது.

அந்த வசந்தத்தில் வசந்தாமணி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் அப்பாக்களுக்கும் வகுப்பு எடுத்தார்கள். பிரசவ அறையில் எங்கே நிற்க வேண்டும், கையை எப்படிப் பிடிக்க வேண்டும், மூச்சை எப்படி எண்ண வேண்டும். நஞ்சுண்டன் முதல் வரிசையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக மைதானத்துக்குள் இறங்கப்போகிறவரின் முகம் என்று நர்ஸுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. "குட் ஜாப், டாட்" என்றாளாம்.

ஐந்தாம் ஆட்டத்துக்கு முந்தைய நாள் அந்த வகுப்பிலிருந்து திரும்பும்போது, ஃப்ரீவேயில், வசந்தாமணி சொன்னாள்.

"ஏனுங்க, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"டெலிவரி அன்னிக்கு உள்ள ஷ்யாமளாக்கா வரட்டுங்க. நீங்க வெளியில இருந்துக்குங்க."

"எதுக்கு? நாந்தான் கிளாஸ் எல்லாம் போயிட்டிருக்கேன்ல?"

"சும்மாதானுங்க."

அவர்கள் எடுக்க வேண்டிய எக்ஸிட் வந்தது. போய்விட்டது.*

[* இரண்டு வருஷம் முன்னால் ஒரு ஸ்கேன் நடந்தது. அப்போது நஞ்சுண்டன் அறைக்குள் இருந்தார். டாக்டர் திரையில் இதயத்துடிப்பை நெடுநேரம் தேடினார். பிறகு விளக்கைப் போட்டார். அதையும் இதையும் சேர்த்து வசந்தாமணி ஒருநாளும் பேசியதில்லை. சேர்த்துக்கொண்டவர் நஞ்சுண்டன்.]

இங்கே எனக்கு வசந்தாமணிமேல் சந்தேகம் வந்தது. எம்.எஸ்சி. இயற்பியல் படித்த பெண் இப்படிச் சொல்வாளா? வாசகர் நம்புவாரா? இந்தப் பகுதியை எடுத்துவிடலாமா என்று யோசித்து, கடைசியில் அவளிடமே கேட்டேன்.

"நம்புனேன்னு சொல்ல மாட்டேனுங்ணா" என்றாள். "நம்பலைன்னு சொல்றதுக்கும் அன்னிக்கு எனக்குத் தைரியம் இல்லீங்க."

எடுக்கவில்லை.

அன்று நஞ்சுண்டன் தனக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார். ஐந்தாம் ஆட்டத்தை உள்ளே உட்கார்ந்து கடைசிவரை பார்ப்பது. அணி ஜெயித்தால், 'நான் உள்ளே வருகிறேன்' என்று வசந்தாமணியிடம் சொல்வது. தோற்றால் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நாற்காலி தேடிக்கொள்வது. முட்டாள்தனமான ஏற்பாடுதான். ஆனால் எதிர்த்தரப்பு நான்கு ஆட்டங்களை ஆதாரமாக வைத்திருக்கிறது. பகுத்தறிவுப் பிரசங்கம் அங்கே எடுபடாது.

5

ஐந்தாம் ஆட்டம் யூட்டாவின் ஊரில். நஞ்சுண்டன் சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். அணி பின்தங்கத் தொடங்கியது. பிச்சுமணி மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார். அணி இன்னும் பின்தங்கியது.

"நஞ்சுண்டன்."

"இன்னிக்கு நான் இங்கதானுங்க."

"யார் வேண்டாம்னா? உங்க வீடு, உங்க டிவி. நான் ஸ்கோரைத்தான் பார்க்கச் சொல்றேன்."

"பார்த்துட்டுத்தான இருக்கேன்."

"அதான் பிராப்ளமே."

"பாவம், விடுங்கோன்னா" என்றார் ஷ்யாமளா. "அவர் பார்த்தா பந்துக்குத் தெரியுமா?"

"நான் என்ன பிடிச்சா தள்ளினேன்? டேட்டா சொல்றது. பதினோரு வருஷம்டி. பதினோரு வருஷம் இந்த ஊர் காத்துண்டிருந்திருக்கு."

நஞ்சுண்டன் திரும்பி வசந்தாமணியைப் பார்த்தார். 'இருங்க' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இருந்திருப்பார். அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தாள். எதிரணி இன்னொரு பந்தைப் போட்டது.

"கோக் தீர்ந்துபோச்சுங்க" என்று சொல்லிவிட்டு நஞ்சுண்டன் எழுந்தார். மேஜைமேல் இரண்டு பாட்டில் திறக்காமலே இருந்தது. யாரும் சுட்டிக்காட்டவில்லை.

கராஜில் விளக்கைப் போடவில்லை. புல்வெட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். பிறகு சுவருக்கு அப்பாலிருந்து முதல் கூச்சல் வந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. டல்லாஸ் ஏறி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கூச்சலுக்கும் நஞ்சுண்டனுக்குச் சந்தோஷம் வந்தது; கூடவே ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து நாற்காலியும் கண்ணில் வந்தது. தான் ஆசையாய் வளர்த்த அணி தனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. கதவின் பிடியில் கையை வைத்தார்.

6

இந்த இடத்தில்தான் நான் மூன்று வாரமாக நிற்கிறேன். வரைவுகளை அப்படியே தருகிறேன்.

வரைவு ஒன்று: "நஞ்சுண்டன் கதவைத் திறந்து உள்ளே வந்தார். திரையில் பந்து"

வரைவு இரண்டு: "இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று நஞ்சுண்டன் உள்ளே வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார். மாற்று ஆட்டக்காரர் ஒருவர் பந்தை வாங்கி"

வரைவு மூன்று: "நஞ்சுண்டன் உள்ளே"

பந்து விழும் என்று எனக்குத் தெரியும். டல்லாஸ் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது. பேப்பரில் வந்திருக்கிறது. நான் யாரை எங்கே நிற்கவைத்தாலும் அது மாறாது. ஆனாலும் அந்த மனிதரை அறைக்குள் வைத்து அந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பேனாவை மாற்றிப் பார்த்தேன்.

முடிவுகளையாவது வரிசைப்படுத்தலாம்.

அ. வெளியிலேயே நின்றார், அணி ஜெயித்தது. பிச்சுமணி ஓடிவந்து கட்டிக்கொள்கிறார். ஆஸ்பத்திரியில் ஷ்யாமளா உள்ளே போகிறார். யாருக்கும் யார்மேலும் குறையில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆ. உள்ளே வந்தார், அணி ஜெயித்தது. நியாயமான முடிவு. ஆனால் பிச்சுமணியை எனக்குத் தெரியும். "நீங்க முன்னாடியே வந்திருந்தேள்னா தோத்திருப்போம்" என்பார். அறையில் பாதிப் பேர் தலையாட்டுவார்கள்.

இ. உள்ளே வந்தார், அணி தோற்றது. இது நடக்கவே இல்லை. நஞ்சுண்டன் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது இந்த ஒன்றைத்தான்.

வேறு வழியில்லாமல் வசந்தாமணிக்கு மறுபடி போன் செய்தேன். கடைசிப் பந்து விழுந்தபோது அவர் எங்கே இருந்தார்?

"நான் ஆட்டத்தைப் பார்க்கலீங்ணா. கராஜ் கதவைப் பார்த்துட்டு இருந்தேன்."

"வரணும்னா, வரக்கூடாதுன்னா?"

"ரெண்டுந்தானுங்க" என்றாள்.

"அப்புறம்? கதவு திறந்துச்சா?"

"அது எங்க வீட்டு விஷயமுங்க" என்றாள் மரியாதையாக. பிறகு குழந்தை அழுகிறது என்று போனை வைத்துவிட்டாள்.

7

ஆகவே என்னால் முடிந்த அளவுக்கு மட்டும் எழுதுகிறேன். ஆட்டம் முடியச் சில நொடிகள். கதவு ஒரு சாண் திறக்கிறது. நஞ்சுண்டனின் முகம் மட்டும் தெரிகிறது. கால் இன்னும் கராஜின் சிமெண்ட்டில்தான். எல்லோரும் திரும்புகிறார்கள். தன் வீட்டு வாசலில் நின்று அவர் கேட்கிறார்:

"உள்ள வரட்டுங்களா?"

பிச்சுமணி பதில் சொல்லிவிடக் கூடாதென்று அவர் வாய் நிறைய மிக்சரைப் போட்டு அடைத்திருக்கிறேன். தோசை கல்லில் தீய்கிறது என்று ஷ்யாமளாவை அடுப்படிக்கு அனுப்பிவிட்டேன். மானஸாவைத் தூங்கவைத்துவிட்டேன். வசந்தாமணி சொல்ல மாட்டாள் என்பது உங்களுக்கே தெரியும். நான் மூன்று வரைவிலும் சொல்லவில்லை.

அறையில் மிச்சம் நீங்கள்தான். அவர் உங்களைத்தான் பார்க்கிறார். சொல்லுங்கள், ஆனால் ஸ்கோரைப் பார்க்காமல் சொல்லுங்கள்.