மச்சானுக்கு எதிராக ஒரு கிங்ஸ் இண்டியன்

கொடைக்கானலில் வீடு இருப்பவனுக்குச் சொந்தக்காரர்கள் அதிகம். ஏப்ரலில் வருவார்கள், ஜூன் மழைக்கு முன்னால் இறங்கிவிடுவார்கள். என் மச்சான் சூசைமாணிக்கம் எழுபத்தொன்பது ஏப்ரலில் பத்து நாள் தங்கிப்போக வந்தார். ஜூலையிலும் இருந்தார்.

மச்சான் என்றால் என் அக்கா வீட்டுக்காரர். திண்டுக்கல்லில் ரயில்வே பார்சல் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். அக்காவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது என்று அவளை விட்டுவிட்டு வந்திருந்தார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டர் வேலை. குவார்ட்டர்ஸ் என்று கொடுத்திருந்தது ஓர் அறையும் ஓர் அடுப்படியும்தான். அறை நடுவில் கிடந்த கட்டிலும் பிரம்பு நாற்காலியும் வந்த அன்றே மச்சானுக்குப் போயின. பிறகு ரேடியோ போயிற்று. பிறகு நல்ல கம்பளி. நானும் என் மனைவி கித்தேரியம்மாளும் அடுப்படியில் விறகுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டோம். ஈர விறகுப் புகையில் அவளுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அவள் இருமும்போதெல்லாம் எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் அக்கா வீட்டுக்காரரைப் பார்த்து, ஊருக்குக் கிளம்புங்கள் என்று சொல்கிற வாய் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வாய்க்கவில்லை.

மச்சானுக்குச் செஸ் பைத்தியம். தினமும் சாயங்காலம் என்னை உட்காரவைத்துத் தோற்கடிப்பார். ஒருநாள் அவரே ஒரு வழி சொன்னார்.

“ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டு மாப்ள. மறுநாள் வெள்ளனே பஸ் ஏறிருதேன்.”

வாக்குத் தவறாத மனுஷன். அதனாலேயே தோற்காமல் பார்த்துக்கொண்டார்.

பள்ளி லைப்ரரியில் ஒரு புத்தகம் எடுத்தேன். கிங்ஸ் இண்டியன் என்ற ஒரே ஒரு தொடக்கத்துக்காக ஒரு முழுத் தடிப் புத்தகம். முதல் பதினான்கு நகர்த்தலையும் ஜெபம் மாதிரி மனப்பாடம் செய்தேன். மச்சான் ஐந்தாவது நகர்த்தலிலேயே புத்தகத்தில் இல்லாத எதையாவது ஆடிவிடுவார். புத்தகம் படிக்காத ஆளோடு புத்தகப்படி ஆடுவது போன்ற தண்டனை வேறு இல்லை. வேறு வழியில்லாமல், நகர்த்தல்களுக்கு நடுவே எழுதியிருந்த விளக்கங்களை அகராதி வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தேன். படித்ததை யாரிடமாவது சொன்னால்தான் மண்டையில் நிற்கும். மச்சான் ஏரியைச் சுற்றப் போகும் நேரத்தில், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கும் கித்தேரியிடம் சொன்னேன்.

முதல் யோசனை, பலகையின் நடுப்பகுதியை எதிரிக்கே விட்டுவிட வேண்டும்.

“அது ஏப்ரல்லயே விட்டாச்சே,” என்றாள்.

நடுவைப் பிடித்தவனுக்கு அதைக் காப்பாற்றுகிற சோலியும் சேர்ந்து வரும் என்றேன். அவள் இருமினாள். பிறகு அந்தத் தொடக்கத்தின் உயிர்நாடியான யோசனைக்கு வந்தேன். நடுவில் இரண்டு பேருடைய சிப்பாய்களும் முட்டிக்கொண்டு வழி அடைத்துவிடும். அவன் ஒரு பக்கமாக உள்ளே வருவான். அங்கே போய் மல்லுக்கு நிற்கக் கூடாது. போவது போகட்டும் என்று விட்டுவிட்டு, அவன் ராஜா இருக்கிற பக்கம் நாம் போய்விட வேண்டும்.

கித்தேரியின் கத்தி நின்றது.

“அவரு ராஜா எங்கெ இருக்கு?”

பலகையில் மூலையைக் காட்டினேன். அவள் பலகையைப் பார்க்கவே இல்லை.

அடுத்த வாரம், இருமல் தாங்கவில்லை, மதினி வீட்டில் நாலு நாள் வெயிலில் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். மதினி என்றால் என் அக்கா. மச்சானுக்கு ஆட்சேபணை இல்லை. திண்டுக்கல் வெயிலுக்கு எப்பேர்ப்பட்ட இருமலும் ஓடிவிடும் என்று அவரே பஸ் ஸ்டாண்டு வரை வந்து ஏற்றிவிட்டார்.

நாலு நாள் பத்து நாளாயிற்று. நான் சமைத்தேன். மச்சான் ரசத்தைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். என் ஆட்டம் மட்டும் நிஜமாகவே தேறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து உட்கார்ந்தோம். வெளியே மழை. நடுவில் வழி அடைத்தது. மச்சான் இடது பக்கமாக வந்து என் சிப்பாய்களைத் தின்றார், பிறகு ஒரு யானையைத் தின்றார். நான் கண்டுகொள்ளாமல் அவர் ராஜாவை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தேன். இன்னும் இரண்டே நகர்த்தல். மச்சான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். நான் குதிரையைத் தொட்டேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு அக்கா வந்து நின்றாள். குளிர் ஒத்துக்கொள்ளாதவள், ஸ்வெட்டர்கூட இல்லாமல் நனைந்திருந்தாள்.

“கெளம்புங்க,” என்றாள் மச்சானிடம். “அங்க ஒருத்தி வந்து என் கட்டில்ல படுத்துக் கெடக்கா. ஃபேனுக்கு அடியில இருக்க நாற்காலி அவளுக்கு, ரேடியோ அவளுக்கு. கேட்டா, அண்ணன் எங்க வீட்டைத் தன் வீடா நெனைக்காரு, நான் இதை என் வீடா நெனைக்கக் கூடாதா மதினிங்கா. நீங்க அங்க வந்தாத்தான் அவ இங்க வருவாளாம்.”

இரண்டே நகர்த்தல் என்று அக்காவிடம் சொன்னேன். மூன்று மணி பஸ் என்று அக்கா சொன்னாள்.

“டிரான்னு வச்சுக்குவோம் மாப்ள,” என்று மச்சான் காய்களைப் பெட்டியில் வாரிப் போட்டார்.

மறுநாள் மத்தியானம் கித்தேரி வந்தாள். இருமல் இல்லை. அது இல்லாமல் அவள் மூச்சு விடுவதைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆனால் சொன்னதென்னவோ இரண்டு நகர்த்தல் கதையைத்தான். யானையைக் கொடுத்ததிலிருந்து குதிரையைத் தொட்டது வரை சொன்னேன். அவள் பையைக் கீழே வைத்துவிட்டு முழுவதும் கேட்டாள். பிறகு போய் அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தூக்கிக் கட்டிலில் நீட்டினாள்.

“புத்தகத்துல நல்லாத்தான் எழுதியிருக்கான்,” என்றாள். “ஒரு காப்பி போடுங்க.”

அடுப்படிக்குப் போனேன். விறகு ஈரம். ஊதி ஊதி எனக்கு இருமல் வந்தது. உள்ளே அவள் ரேடியோவைப் போட்டாள்.