அண்ணி விட்ட டார்பிடோ

1

இந்தக் கதை ஒரே ஒரு சொல்லில் பிறந்தது. அதை இப்போதே சொல்லிவிட்டால் கதையில் சரக்கே இருக்காது. அதனால் கொஞ்சம் இழுக்கிறேன்.

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்: 'கடல் கொந்தளித்தது. பீரங்கிகள் முழங்க, அந்த நாசகாரிக் கப்பல்...'

சீ! கடலாவது கொந்தளிப்பாவது. நடந்தது எங்கள் வீட்டு முன்னறையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மூன்று கணினிகளில். உலகப்போர்க் காலத்துக் கப்பல்களை ஓட்டிச் சண்டை போடும் விளையாட்டு. நாங்கள் மூவரும் ஒரே அணி, எதிர் அணியில் இணையத்தில் யார் யாரோ. அண்ணனிடம் பெரிய போர்க்கப்பல், அண்ணியிடம் டெஸ்ட்ராயர். என் கப்பல் எடுத்த எடுப்பிலேயே மூழ்கிவிட்டதால் நான் எழுத்தாளன் ஆனேன்.

2

(டெஸ்ட்ராயரைப் பற்றி. தகடு மெல்லிசு, நாலு குண்டு சரியாக விழுந்தால் ஆட்டம் காலி. ஆனால் ஓட்டம் பேய் ஓட்டம். கிட்டே போகும்வரை எதிரி கண்ணில் படாது, பட்டாலும் புகை கிளப்பி ஒளிந்துகொள்ளும். கையில் டார்பிடோ, அதாவது தண்ணீருக்குள்ளேயே பாய்ந்து போய்க் கப்பலைப் பிளக்கும் குண்டு. ஒருமுறை விட்டுவிட்டால் மறுபடி நிரப்ப நேரமாகும்.)

அண்ணி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். 'மூச்ச இழுங்க, பிடிங்க, விடுங்க' என்பதே நாள் முழுக்க அவர் பேச்சு. கதைக்காகக் கட்டியது போல இருக்கிறதே, டீச்சர் என்று மாற்றிவிடலாமா என்று யோசித்தேன். மாட்டேன். என்னை நம்புங்கள்.

3

அண்ணி பதற்றத்தில் டார்பிடோவை வீணடித்ததால் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தோம். அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டான்.

"இன்னிக்கும் தோத்தா அந்தக் கப்பல நான் எடுத்துக்கறேன். நீ பேசாம பக்கத்துல உக்காந்து பாரு."

"பாக்கலாம்" என்றார் அண்ணி. முகம் சுண்டிப்போனது. அவருக்கு அந்தக் கப்பல் என்றால் உயிர். எனக்கு அண்ணன்மேல் பற்றிக்கொண்டு வந்தது.

4

கடைசிக் கட்டம். அண்ணன் கப்பல் எரிகிறது. எதிரியிடம் மிச்சம் ஒரே ஒரு போர்க்கப்பல். அது மூக்கை நீட்டி நேராக வந்தது. அப்படி வந்தால் டார்பிடோ படுவது கஷ்டம். அண்ணி புகைக்குள் காத்திருந்தார்.

(இங்கே அண்ணியின் மனவோட்டம் என்று ஒரு பத்தி எழுதினேன். சுத்தப் பொய். அடித்துவிட்டேன்.)

அண்ணனைத் தீர்த்துக்கட்ட எதிரி விலாவைத் திருப்பினான்.

"விடு!" என்று அலறினான் அண்ணன். "விடு, விடு!"

அண்ணி விட்டார். அத்தனை டார்பிடோவையும்.

எதிரிக் கப்பல் இரண்டாகப் பிளந்தது. ஜெயித்தோம்! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

அண்ணன் மட்டும் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தான். "அடியே, அவன விட்டுட்டு ஓடுன்னுல்ல சொன்னேன், உன் கப்பலாவது மிஞ்சட்டும்னு!"

"விடுன்னீங்க. விட்டேன்."

5

ஏவு என்றாலும் 'விடு', கைவிடு என்றாலும் 'விடு'. இந்த மொழியில் பிறந்தவர்களுக்கு மட்டுமே வாய்க்கும் குழப்பம்.

முடிவு ஒன்று: அண்ணி தப்பாகப் புரிந்துகொண்டார், வெறும் அதிர்ஷ்டம். (அண்ணனின் கட்சி இது.)

முடிவு இரண்டு: சரியாகத்தான் புரிந்தது, இருந்தாலும் அவர்...

இதை முடிக்க வராமல் அண்ணியிடமே போய்க் கேட்டேன்.

"கதைதானே தம்பி, எப்படி வேணா எழுதிக்கோ. ஜெயிச்சது யாருன்னு மட்டும் தெளிவா போடு."

போட்டுவிட்டேன்: ஜெயித்தது அண்ணி. அந்த டெஸ்ட்ராயர்மேல் இனி யாரும் கை வைக்க முடியாது. அவர் காதில் எந்த 'விடு' விழுந்தது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டாவதுதான் என்று தோன்றினால், அண்ணனிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.