மீரான் பாயைத் தூக்க ஆள் வேண்டும்

விசில் ஊதி ஊதி எனக்குக் கன்னம் வலித்ததுதான் மிச்சம். வடகரை ஆற்றங்கரைத் தெருவில் ஐந்து பெண்களைத் தவிர ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. அந்த ஐந்து பேரும் மகளிர் குழுக்காரர்கள். வராவிட்டால் இந்த ஸ்ரீதேவி கத்தித் தொலைப்பாள் என்று பயந்து வந்தவர்கள்.

கத்துவதுதான் என் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் ஊர் ஊராகப் போய், வெள்ளம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று குழுக்களுக்குச் சொல்லிக்கொடுத்து ஒத்திகை நடத்த வேண்டும். எங்கள் அலுவலகம் தென்காசியில். குற்றாலம் மெயினருவியில் குளிக்கத் தடை என்று கேட்டால் மற்றவர்கள் 'அடடா' என்பார்கள். நான் ஊர்ப் பட்டியலைக் கையில் எடுத்துவிடுவேன். மலையில் கொட்டுகிற தண்ணீர் யார் வீட்டுக்காவது வந்துதானே ஆக வேண்டும்?

போன ஐப்பசியில் இந்தத் தெருவுக்கு வந்தது. கடைசி வீட்டில், வாதம் வந்து நடமாட்டம் இல்லாமல் படுத்திருக்கும் முகம்மது மீரானின் கட்டில்கால் மூழ்கிவிட்டது. மகன் உசாமா சவூதியில், தம்மாமில். வீட்டில் மருமகள் பாஹிமா மட்டும்தான். மாமனாரைத் தூக்கவும் முடியாமல், விட்டுப் போகவும் மனமில்லாமல், தண்ணீர் வடியும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதே கட்டிலில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். இந்த வருடம் அவளே எங்கள் அலுவலகத்துக்கு வந்து ஒத்திகை வேண்டும் என்று கேட்டாள்.

"அடுத்த தடவ தண்ணி கட்டில்காலோட நிக்காதுக்கா. மாமாவத் தூக்க நாலு பேரு வருவாவளா, மாட்டாவளான்னு எனக்குத் தெரிஞ்சாவணும்" என்றாள். அதைக் கேட்டபிறகு நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

ஆனால் மீரான் பாய்க்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "வராத தண்ணிக்கு என்னைய எதுக்கும்மா தூக்குதிய? தெருவுல பாதி ஆம்பளையாளு வெளிநாட்டுல கெடக்கு. மீதி கடையக் கட்டிக்கிட்டு அழுவுது. எனக்குன்னு எவன் வருவான்?" என்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பயம் தண்ணீரைப் பார்த்து இல்லை. கூப்பிட்டும் ஒருவரும் வராததைக் கண்ணால் பார்க்க நேருமே என்றுதான் பயம். மனிதர் சொன்னபடியே நடந்துவிட்டது என்பதில்தான் எனக்கு ஆத்திரம்.

ஆத்திரத்துக்கு எண்ணெய் ஊற்றுவதுபோல வேன் டிரைவர் போன் செய்தான். ஸ்ட்ரெச்சர் ஏற்றிவந்த வண்டி இலஞ்சியில் பஞ்சராம். அவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு, அதே சூட்டோடு பள்ளிவாசலுக்குப் போன் போட்டேன். பாங்கு சொல்லும் மோதினார்தான் எடுத்தார்.

"அண்ணாச்சி, ஒரு ஆளப் படுக்க வச்சுத் தூக்கிட்டுப் போணும். அங்கன ஏதாவது இருக்கா?"

"யாரு வீட்டுக்கும்மா?"

"மீரான் பாய் வீட்டுக்கு. சீக்கிரம் அனுப்புங்க, நேரமாவுது."

"இப்பவே அனுப்புதேன்" என்றார். குரல் கம்மியிருந்தது. சாரல் அடிக்கிற ஊர், சளி பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சொன்னபடி வந்தது. இரண்டு பேர் தெரு நடுவே தூக்கி வந்தார்கள். நீளமாக, உறுதியாக, முன்னும் பின்னும் தோளில் வைக்கக் கட்டைகளோடு இருந்தது. எங்கள் ஸ்ட்ரெச்சரைவிட நன்றாக இருக்கிறதே என்று நான் பாராட்ட வாயெடுப்பதற்குள் பாஹிமா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

"எக்கா! இது சந்தூக்குல்லா! மையத்து அடக்கம் பண்ணத் தூக்கிட்டுப் போறது!"

திருப்பித் தூக்கிப் போகச் சொல்லிக் கையை ஆட்டினேன். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. என் விசிலுக்குத் திறக்காத கதவெல்லாம் சந்தூக்கைப் பார்த்ததும் திறந்தது. தலையில் துப்பட்டியை இழுத்துப் போட்டுக்கொண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். பஜாரில் ஷட்டர் இறங்கும் சத்தம் கேட்டது. கைலியை மடித்துக் கட்டியபடி ஆண்கள் வந்தார்கள். இத்தனை ஆண்கள் இந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். கீழ வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த குருவம்மாள் முழங்கால் சேறோடு வந்து, யார் சொல்லியும் கேட்காமல் வாசலில் உட்கார்ந்து ஒப்பாரியே வைத்துவிட்டாள். மீரான் பாயின் தாராள மனசு, அவர் கொடுத்த நெல்விதை, அவர் மீசை, ஒன்றையும் விடவில்லை.

பாஹிமாவின் போன் அடித்தது. தம்மாமிலிருந்து உசாமா. யாரோ வாட்ஸப்பில் போட்டிருக்கிறார்கள். "வாப்பா... வாப்பா..." என்பதைத் தவிர அவனால் ஒன்றும் பேச முடியவில்லை. அவள் பதில் சொல்லாமல் ஸ்பீக்கரைப் போட்டு மாமனார் பக்கம் நீட்டினாள்.

மீரான் பாய், மகன் அழுவதையும் கேட்டார், வாசல் ஒப்பாரியையும் கேட்டார். மீசையைப் பாடும்வரை பொறுத்துக் கேட்டவர் அதற்குமேல் தாங்கமாட்டாமல் கத்தினார்.

"ஏட்டி குருவம்மா, நிறுத்துட்டி! நான் இங்கன உசுரோடதான் கெடக்கேன்!"

ஒப்பாரி பாதியில் நின்றது. பிறகு யாரோ ஒருத்தி களுக்கென்று சிரிக்க, தெருவே வெடித்துச் சிரித்தது. சந்தூக்கின் பின்னாலேயே வந்திருந்த மோதினார் அழுதுகொண்டே சிரித்தார். தம்மாமில் உசாமா அழுகையை நிறுத்திவிட்டு என்னைத்தான் திட்டினான். வாங்கிக்கொண்டேன், வேறு வழி?

மீரான் பாய் மட்டும் சிரிக்கவில்லை. தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார வைக்கச் சொன்னார். வாசலை அடைத்து நின்ற கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்.

"இந்தப் புள்ள தண்ணி வருதுன்னு தொண்டத்தண்ணி வத்தக் கூப்பிட்டுச்சு. ஒருத்தனும் வரல. செத்துட்டேன்னதும் ஊரே வந்துட்டிய." ஒரு கையை வாசலை நோக்கி நீட்டினார். "ஏம்லே, உசுரோட இருக்கும்போது தூக்க மாட்டியளா?"

எனக்குக் கண் கரித்தது, மறைக்கவில்லை. மோதினார்தான் முதலில் அசைந்தார். சந்தூக்கைப் பள்ளிவாசலுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார். அவர் பின்னால் ஆண்கள் முண்டியடித்தார்கள். கட்டிலோடு தூக்கினார்கள். நிலைப்படி இடிக்கிறது, தலைப்பக்கம் தாழ்த்தாதே என்று ஆளுக்கொரு யோசனை.

"பைய லே, பைய! இப்ப நெசமாவே கொன்னுராதிய!" என்று மீரான் பாய் மேலே இருந்து அதட்டினார். வெள்ளத்துக்கு ஒதுங்க நாங்கள் குறித்துவைத்திருந்த, மேட்டிலிருக்கும் பள்ளிக்கூடத்தை நோக்கிக் கட்டில் நகர்ந்தது. சேற்றுக் காலோடு குருவம்மாளும் ஒரு கட்டில்காலைப் பிடித்திருந்தாள்.

போனில் உசாமா இன்னும் கத்திக்கொண்டிருந்தான். "வாப்பாவ யாரு பிடிச்சிருக்கா? நீ பிடிச்சியா?"

கட்டிலுக்குப் பின்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு நடந்த பாஹிமா, அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்:

"எனக்குப் பிடிக்க எடமே கெடைக்கல மச்சான்."