ஆம் எனில் ஒன்று

காலை ஆறு மணிக்கு அனுப்பிய மெசேஜுக்கு ஆறு ஐந்துக்கே முதல் பதில் வந்துவிட்டது. வெறும் "1". அண்ணனுடையதுதான். ஊரில் அறுபத்து நான்கு பேருக்குப் போகிற மெசேஜ் அது. முதல் பதில் என்றைக்கும் அவனுடையதாகத்தான் இருக்கும். பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்த நர்ஸ், வழக்கம்போல உள்ளுக்குள் ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டாள். வாய் கொப்பளிக்கத் திரும்பியவளுக்குத் திடுக்கென்றது. இன்றைக்குக் கேட்டது என்ன? தினம்போல நடந்தீர்களா என்றா கேட்டோம்? ஈரக் கையோடு போனை எடுத்து மறுபடி படித்தாள். "தங்கள் பாதங்களில் மரத்துப்போதல் அல்லது எரிச்சல் உள்ளதா? ஆம் எனில் 1. இல்லை எனில் 2." இதற்குத்தான் அண்ணன் ஒன்று போட்டிருக்கிறான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஊரில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நோய் வந்துவிட்டவர்களை விட்டுவிட்டு, வரப்போகிறவர்களைத் தனியாகப் பிரித்தார்கள். "சர்க்கரை இன்னும் வீட்டுக்குள்ள வரலை, வாசல்ல நின்னு செருப்பைக் கழட்டிட்டிருக்கு. இப்பவே கதவைச் சாத்திடலாம்" என்று நர்ஸ் அவர்களுக்குச் சொன்னாள். தினம் ஒரு மெசேஜ் அனுப்பி அவர்களை நடக்க வைக்க வேண்டும், வாயைக் கட்ட வைக்க வேண்டும் என்று பெரிய ஆபீசில் உத்தரவு. அவர்கள் எழுதிக்கொடுத்த வாசகங்களைப் படித்தால் வராத நோயும் வந்துவிடும். அதனால் இவளே எழுதினாள். "நேத்து அரை மணி நேரம் நடந்தீங்களா? டீக்கடைக்குப் போய்வந்தது கணக்குல வராது. நடந்தவங்க 1, நடக்காதவங்க 2." இன்னொரு நாள், "டீயில ஒரு கரண்டி குறைச்சா உயிரா போயிடும்? குறைச்சவங்க 1, மனசு வராதவங்க 2." ஊருக்கு இது பிடித்துப்போனது. அவளுக்கு 'சுகர் அக்கா' என்று பேரே வந்துவிட்டது. இந்தக் கால் கேள்வியை மட்டும் ஓர் எழுத்துகூட மாற்றாமல் அனுப்ப வேண்டும் என்று மேலிடம் கறாராகச் சொன்னதால் அப்படியே அனுப்பியிருந்தாள்.

அண்ணன் அவளோடு பேசி மூன்று வருஷம் ஆகிறது. எல்லாம் அப்பாவின் காலால் வந்த வினை. அப்பாவுக்கும் சர்க்கரை இப்படித்தான் சத்தமில்லாமல் வந்தது. செருப்பு வார் கடித்த சின்னப் புண், மனுஷனுக்கு வலிக்கவேயில்லை. வலிக்காத புண்ணை யார் பார்ப்பார்கள்? பார்த்தபோது கால் கறுத்திருந்தது. அன்றைக்குப் பார்த்து அண்ணன் சலூனுக்கு நாற்காலி வாங்க வெளியூர் போயிருந்தான், போனும் கிடைக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் காலை எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர். இவள் கையெழுத்துப் போட்டாள். கால் போன பிறகு அப்பா நாற்பது நாள்தான் இருந்தார். சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அண்ணன் சொன்னான்: "என்னை ஒரு வார்த்தை கேக்காம கையெழுத்துப் போட்டியே, அந்தக் கையால எனக்கு ஒரு வாய் தண்ணிகூட வேணாம்."

சொன்னபடியே இருந்தான், பாவி. எதிரே வந்தால் வேறு பக்கம் பார்ப்பான். ரத்தம் எடுத்த அன்று மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு விரலை நீட்டினான். அளவு எல்லையில் இருந்தது. எதுவும் பேசாமல் அவன் நம்பரையும் பட்டியலில் சேர்த்தாள். அன்றிலிருந்து தினம் காலையில் ஒரு "1". மூன்று வருஷமாக வாயைத் திறக்காதவன் ஒரு நாளைக்கு ஓர் எழுத்தாவது பேசுகிறானே, அது போதும் என்று இருந்தாள். இப்போது அந்த ஒன்றே எமனாக வந்திருக்கிறது.

பாதி பின்னிய தலையோடு, கொஞ்சம் பஞ்சைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். சலூன் அப்போதுதான் திறந்திருந்தது. பேக்கரிக்காரர் ஒரு கன்னம் மழித்து, மறு கன்னம் நுரையோடு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மூன்று வருஷமாக மிதிக்காத படி. மிதித்தாள்.

"காலைக் காட்டு."

அண்ணன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். கத்தி பேக்கரிக்காரரின் தாடையில் அப்படியே நின்றது.

"உங்க சண்டை என் கழுத்துல வந்து முடியப்போகுது. முதல்ல கத்தியை எடுப்பா" என்றார் அவர்.

கத்தியை வைத்துவிட்டு அண்ணன் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றினான். அவள் தரையில் உட்கார்ந்து பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அப்பாவின் அதே அகலப் பாதம், அதே கோணல் சுண்டுவிரல். விரல் இடுக்கு, குதிகால் என்று ஒன்றுவிடாமல் பார்த்தாள். புண் எதுவும் இல்லை. பஞ்சைத் திரி மாதிரி திரித்தாள்.

"கண்ணை மூடு. தொட்டா சொல்லு."

கட்டைவிரலில் தொட்டாள். பதில் இல்லை. பாதத்தின் நடுவில் தொட்டாள். அதற்கும் பேச்சில்லை. அப்பாவுக்கும் டாக்டர் இப்படித்தான் பஞ்சால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டிருந்த அப்பா கடைசியில், "எப்ப சார் தொடுவீங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இன்றுவரை அவளால் மறக்க முடியவில்லை. மறுபடி தொட்டாள். அண்ணனின் தோள் குலுங்கியது. ஐயோ, அழுகிறானே என்று நிமிர்ந்தாள்.

அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் பொங்கிச் சிரித்தான். "கூசுது பாப்பா, விடு!"

"அடப்பாவி! தெரியுதா? அப்போ ஏன் சொல்லலை?"

"மூணு வருஷம் கழிச்சு வந்து கிச்சுகிச்சு மூட்டினா என்னத்தைச் சொல்றது?"

போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. "எருமை, எருமை" என்று திட்டிக்கொண்டே அந்தப் பாதத்தில் பட்டென்று ஓர் அடி வைத்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

பேக்கரிக்காரர் நுரையோடு திரும்பினார். "எனக்கும் பாத்துடும்மா. நானும் ஒண்ணுதானே போட்டேன்."

"உங்களுக்கும் மரத்துப்போகுதா?"

"எது? நேத்து நடந்தேன், ஒண்ணு போட்டேன். தினம் போடுறதுதானே!"

நர்ஸ் போனை எடுத்துப் பார்த்தாள். நாற்பத்தொரு பதில். அதில் நாற்பது பேர் போட்டது "1". ஊருக்கே ஒரே ராத்திரியில் கால் மரத்துப்போயிருந்தது! ஐந்து மாதமாக ஒன்று என்றால் நல்ல பிள்ளை என்று பழக்கியவள் அவளேதான். படிக்காமல் அமுக்கித் தொலைத்திருக்கிறார்கள். ஒரே ஓர் ஆள் மட்டும் இரண்டு போட்டிருந்தார். ஒருநாள்கூட நடக்காமல், அதையும் மறைக்காமல் தினம் இரண்டு போடுகிற தையல்காரர். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"பெரிய ஆபீஸ்ல இதைப் பாத்தா பத்து ஆம்புலன்ஸ் வரும். போன் போட்டுச் சொல்லணும். எதுக்கும் எல்லார் காலையும் இன்னைக்கே பாத்துடுறேன், உங்களோடதும் சேர்த்து" என்றாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீயும் படிக்காமத்தான் அமுக்கினியா?"

அவன் துண்டை எடுத்து உதறினான். "ரெண்டு வாட்டி படிச்சேன். 'பாதங்களில் மரத்துப்போதல்'. உன் எழுத்து மாதிரி இல்லையேன்னு பாத்தேன்."

அவள் அவனையே பார்த்தாள். இந்த ஊரில் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிற ஒரே ஆள் அவன்தான்.

"படிச்சுமா ஒண்ணு போட்டே?"

அண்ணன் துண்டை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"தொண்டை வறண்டுபோச்சு" என்றான் சுவரைப் பார்த்துக்கொண்டு. "உன் பக்கத்துலதான் குடம் இருக்கு. ஒரு செம்பு தண்ணி குடு."

அவள் எழுந்தாள். குடத்தைச் சாய்த்துச் செம்பை விளிம்புவரை நிரப்பினாள். நீட்டும்போது செம்பு சரிந்து, அவன் வெறும் பாதத்தில் தண்ணீர் கொட்டியது.

"அம்மாடி, என்னா சில்லுனு இருக்கு!" என்று அவன் வெடுக்கெனக் காலை இழுத்துக்கொண்டான். வாங்கிய கை மட்டும் செம்பை விடவில்லை.