எட்டாவது ஆள்

வியாழக்கிழமைகளில் நான் ஆலை டாக்டர். கும்பகோணத்துக்குக் கிழக்கே, வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு நவீன அரிசி ஆலை. என் அறை முன்பு சாக்கு குடோன். ஸ்டெதஸ்கோப்பில்கூடத் தவிட்டுத் தூசி ஒட்டியிருக்கும். எனக்கு முன்பு வந்தவர் முதுகுவலி என்றால் மாத்திரையை நீட்டிவிட்டு மோர் குடிக்கப் போய்விடுவாராம். நான் அப்படியில்லை என்று எனக்குப் பெரிய நினைப்பு. உடம்பு, மனசு, வீடு, வேலை இடம் நாலையும் சேர்த்துப் பார்த்தால்தான் வலி பிடிபடும் என்று பயிற்சி எடுத்துவிட்டு வந்தவள்.

வீரையன் லோடுமேன். ஐம்பதை நெருங்குகிறவர். ஸ்கேனில் அந்த வயதுக்குரிய தேய்மானம்தான் தெரிந்தது. ஆனால் நாற்காலியில் உட்காரவே இரண்டு தடவை யோசித்தார்.

"தூக்கம் வருதா?"

"எங்கங்க டாக்டர்."

"எதை நினைச்சுப் பயப்படுறீங்க?"

யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"நிறுத்திடுவாங்களோன்னுதான். பொண்ணு செம்மொழி நர்சிங் ரெண்டாவது வருஷம் படிக்குது. அது முடிக்கிற வரைக்கும் நான் இங்க நின்னாகணும்."

"இந்த வலியோட எப்படி மூட்டை தூக்குறீங்க?"

கதவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க கேக்குறீங்கன்னு சொல்றேன். நான் தூக்கி ஆறு மாசம் ஆச்சுங்க."

அவர்கள் செட்டில் எட்டுப் பேர். லாரியிலிருந்து குடோனுக்கு முறைவைத்து மூட்டை சுமப்பார்கள். வீரையன் முறை வரும்போது மற்ற ஏழு பேரில் ஒருவர் கூடுதலாக ஒரு நடை போய்விடுவார். சூப்பர்வைசர் தலை தெரிந்தால் வீரையன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, இறக்கிவிட்டுத் திரும்புகிறவர் மாதிரி வேகமாக நடப்பார். எல்லாம் அந்த ஏழு பேரில் ஒருவரான மேஸ்திரி தங்கமணியின் ஏற்பாடு.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றைக்கே ரிப்போர்ட் எழுதினேன். "சக தொழிலாளர் ஏழு பேரும் இவருடைய சுமையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இந்த ஆதரவுதான் இவருக்கு மருந்து. உட்கார்ந்து சாக்கு தைக்கும் வேலை கொடுத்தால் விரைவில் தேறுவார்." அனுப்பும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நல்லது செய்கிற அவசரம்.

அடுத்த வியாழன் மேனேஜர் ராஜ்குமார் சிரித்த முகமாக வந்தார்.

"ரொம்ப உபயோகமான ரிப்போர்ட் மேடம். எட்டுப் பேர் வேலையை ஏழு பேரே ஆறு மாசமா முடிச்சிருக்காங்க. எங்களுக்குத் தெரியாமலே போச்சு பாருங்க. இனிமே எல்லா செட்டுக்கும் ஏழு பேர்தான்."

"அவருக்குச் சாக்கு தைக்கிற வேலை?"

"அதுக்கு மெஷின் இருக்கே."

கத்தினேன். பிறகு, காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

வீரையன் மூட்டைக் கொக்கியைத் துண்டில் சுற்றிக்கொண்டு கேட் அருகே நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"என் வாயால கெட்டேன் டாக்டர். என்னால இன்னும் ரெண்டு செட்டுல ஆள் போச்சு. அவனுங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

தப்பு என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மினி பஸ் வந்துவிட்டது. கம்பியைப் பிடித்து, ஒரு காலை ஏற்றி, அடுத்த காலை ஏற்ற முடியாமல் நின்றார். கண்டக்டர் கைகொடுத்து இழுத்துக்கொண்டார்.

மாதம் ஒருமுறை எல்லோரும் என்னிடம் வந்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது ஆலையின் உத்தரவு. அந்த மாதம் முதலில் வந்தவர் தங்கமணி. வலது முட்டி வீங்கி, கைலிக்கு மேலேயே தெரிந்தது.

"எப்படி ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்க."

"வலிக்குதா?"

"இல்லைங்க."

"தூக்கம்?"

"படுத்தா வந்துடுதுங்க."

"வீட்டுல?"

"எல்லாரும் சுகம்."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, என் பேனாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜையைப் பிடித்து எழுந்து, சுவரைப் பிடித்து நடந்து போனார்.

படிவத்தில் நாலு கட்டங்கள். உடம்பு, மனசு, வீடு, வேலை இடம். நாலிலும் "நலம்" என்று எழுதினேன். வேறு எதை எழுதினாலும் அடுத்த வியாழக்கிழமை அவர்கள் ஆறு பேராகிவிடுவார்கள்.